பெயர் கூறாத விதி

அரசியலமைப்பு என்பது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே எழுதி வைக்கப்பட்ட உடன்படிக்கை என்று அரசியல் நூலோர் கூறுவர். பெரும்பான்மையோர் கையுயர்த்தினர் என்பதனால் மட்டும் ஒரு செயல் நீதியாகிவிடாது. சிறுபான்மையோருக்குக் கேடு விளைக்கும் சட்டத்தைத் தடுத்து நிறுத்த ஓர் எல்லைக்கோடு வேண்டும். அக்கோட்டைக் காக்க நீதிமன்றம் வேண்டும். இவை அவ்வுடன்படிக்கையின் அடிப்படைகள். இன்று உலக நாடுகள் பலவற்றில் ஆட்சியின் வேலைகள் சிலவற்றைக் கணினிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. யாருக்கு உதவிப்பணம் கொடுக்கலாம், யாரை ஐயுறலாம், யாருடைய விண்ணப்பத்தை முதலிற் பார்க்கலாம் என்பவற்றையெல்லாம் செயற்கை நுண்ணறிவு என்னும் எந்திர அறிவு கணித்துச் சொல்கின்றது. அக்கணிப்பில் எந்த இனத்தின் பெயரும் எழுதப்பட்டிராது. ஆயினும் அதன் முடிவு ஒரு குறிப்பிட்ட மக்கட் கூட்டத்தின் மேலேயே சென்று விழுமானால், அதனை அரசியலமைப்பு தடுக்குமா? சட்ட அறிஞர்கள் இன்று எழுப்பும் வினா இது.

இவ்வினா புதியதன்று. கணினி என்னும் சொல்லே வழங்காத காலத்தில், இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் பொருட்டு இதே வினா நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த விடையையும், அவ்விடைக்குப் பின்னர் அம்மக்கள் கடந்துவந்த காலத்தையும் அறிந்தோருக்கு இன்றைய வினாவின் ஆழம் எளிதில் விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டனர். அவ்வேலைக்குத் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடியானவர்கள் அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற வன்னிக் காட்டுப் பாதையில் நடந்து, மாத்தளை வழியாக அவர்கள் மலையேறினர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இற் கோப்பிச் செடியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அத்தொழிலையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆதலால் வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினர். நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் லயங்கள் எழுந்தன. அவற்றிலே பிள்ளைகள் பிறந்தனர். அப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தனர்.

இம்மக்கள் பதிவேட்டில் இல்லாத மக்கள் அல்லர். அக்காலத்து இலங்கையில் இவர்களைப்போல நாள்தோறும் எண்ணப்பட்டவர் வேறெவரும் இரார். கடல் கடந்து முகாம் வழியாக வந்தவர் கழுத்திலே தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச் சீட்டுத் தொங்கிற்று. கங்காணியின் கீழ் இருந்தோரின் கடன் அனைத்தும் கணக்கு வைக்கப்பட்டு, அத்தொகையைக் குறித்த ‘துண்டு’ தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குச் சென்றது. 1921இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காலையிற் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். மாலையில் கொழுந்து நிறுக்கப்பட்டது. கணக்கப்பிள்ளை செக்றோலில் குறித்த ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்று பெயர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். உழைப்பாளியின் பெயரும் அவனுடைய ஒரு நாட் கூலியும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டமை அப்பதிவேட்டின் தன்மையை நன்கு காட்டுகின்றது. அப்பதிவேடுகள் உழைப்பையும் கடனையும் அறிவதற்காக எழுதப்பட்டவை. தொழிலாளியின் தந்தை எங்கே பிறந்தார் என்பதை அறிய வேண்டிய தேவை தோட்டத் துரைக்கு எழவில்லை. ஆகவே அது எழுதப்படவில்லை.

1931இல் டொனமூர் அரசியற் றிட்டம் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையை வழங்கிற்று. இந்திய வம்சாவளியினருக்கு அது நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது. எனினும் தோட்ட மக்களிற் கணிசமானோர் வாக்காளராயினர். அவ்வாண்டு ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி சுந்தரம் தொழில் அமைச்சருமானார். 1936இல் அதே தொகுதியிலிருந்து கோ. நடேசையர் தெரிவு செய்யப்பட்டார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் அக்காங்கிரஸ் 7 இடங்களைப் பெற்றது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையிற் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரையில் டி. இராமானுஜம் ஆகியோர் வென்றனர். வேறு சில தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரிகளின் வெற்றிக்குத் துணைநின்றன. இத்தேர்தல் முடிவுதான் அடுத்து வந்த சட்டங்களுக்குத் தூண்டுகோல் ஆயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 18ஆம் இலக்கச் சட்டமாகிய அது நவம்பர் 15ஆந் தேதி நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை இலங்கையிற் பிறந்தவர் ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு இரு வழிகள் இருந்தன. அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. அவர் இந்நாட்டிற் பிறந்தார், இங்கேயே உழைத்தார், வேறெந்த ஊரையும் அறியார் என்பவையும் கணக்கில் இல்லை.

சட்டத்தின் சொற்களை மட்டும் நோக்கின், இவ்விதி எல்லோருக்கும் பொதுவானது. தமிழர் என்றோ, இந்தியர் என்றோ, தோட்டத் தொழிலாளர் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு வினா, அதற்கு ஆம் அல்லது இல்லை என்னும் விடை. மீண்டும் ஒரு வினா, மீண்டும் ஒரு விடை. இறுதியில் ஒரு முடிவு. இன்றைய கணினி வல்லுநர் இதனைக் கண்டால், எந்திரத்திற்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிசை இவ்வாறுதான் இருக்கும் என்பர். ஆனால் அக்காலத்திற் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் நாட்டில் நெடுங்காலமாக இருந்ததொன்றன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே அது கட்டாயமாயிற்று. நாட்டுப்புறத்துச் சிங்களக் குடியானவர் பலரிடமும் தந்தையின் பிறப்புச் சான்று இருந்திராது. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர் தோட்டத்து லயத்தில் இருந்தவரே. ஒரே விதி ஒருவருக்கு வெறும் ஏட்டுச் சொல்லாகவும், மற்றவருக்கு அடைக்கப்பட்ட கதவாகவும் இருந்தமைக்கு இதுவே காரணம். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையில் வாழ்ந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் கதவுக்கு வெளியே நின்றனர்.

அடுத்து, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற அது ஒரு வழி வகுத்தது. 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் தொடர்ந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரு முறை 12 மாதங்களுக்கு மேல் வெளியே சென்றிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரஸ், காலம் முடியும் தறுவாயில் விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டிற்று. 1951 ஆகஸ்டில் அவகாசம் முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. குடும்பத்தோடு சேர்த்து எண்ணினால் அவை 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கானவை. அவற்றை ஆராய்ந்து முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேற் சென்றன. பிரசாவுரிமை கிட்டியோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

எஞ்சியோர் எவ்வாறு நீங்கினர் என்பதை ஊன்றி நோக்குதல் தகும். எழுத்தறியாதவர் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. தாயின் ஈமக்கடனுக்கோ தங்கையின் திருமணத்துக்கோ ஊர் சென்று, திரும்பிவரச் சில மாதங்கள் தாழ்த்தவர் தாம் சென்ற நாளையும் வந்த நாளையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்திற்கு மாறியவர் இரண்டு தோட்டங்களின் ஏடுகளையும் காட்ட வேண்டியிருந்தது. ஏடு தொலைந்திருந்தால் அது தோட்டத்தின் குறை, தண்டனையோ விண்ணப்பதாரருக்கு. ஐயம் தோன்றிய இடத்தில் அது அவருக்குச் சாதகமாகத் தீர்க்கப்படவில்லை. மெய்ப்பிக்கும் சுமை முழுவதும், ஏடுகளை எழுதும் வாய்ப்பே இல்லாதவர்களின் தோளில் ஏற்றப்பட்டது.

அதே 1949ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் தேர்தல் இடாப்பைப் பிரசைகளுக்கு மட்டும் உரியதாக்கிற்று. முந்திய தேர்தலில் வாக்களித்தோர் அடுத்த தேர்தலில் வாக்காளர் அல்லர் என்னும் நிலை பிறந்தது. இதனை எதிர்த்து எழுந்ததே கோடாக்கன்பிள்ளை வழக்கு. ருவான்வெல்லைத் தொகுதியின் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு அவர் கோரினார். பதிவு அதிகாரி மறுத்தார். மேன்முறையீட்டைக் கேட்ட மீளாய்வு அதிகாரி, அச்சட்டங்களே அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்புக் கூறினார். ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. வேறு சமூகத்தாருக்கு இல்லாத இடர்ப்பாட்டை ஒரு சமூகத்தார் மீது சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றும், இயற்றின் அது செல்லாது என்றும் அப்பிரிவு விதித்திருந்தது. சிறுபான்மையோரின் காப்பரண் என்று போற்றப்பட்ட பிரிவு அது.

வழக்கு 1951இல் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது, அச்சொற்களுக்கு வெளியே சென்று நோக்கத்தையும் விளைவையும் துருவ வேண்டியதில்லை என்பது அம்மன்றத்தின் கருத்து. சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆகவே பாகுபாடும் இல்லை. மேன்முறையீடு இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தை, அதாவது பிரிவிக் கவுன்சிலை, அடைந்தது. 1953இல் அக்கழகம் தீர்ப்பளித்தது. நேர்முகமாகத் தடுக்கப்பட்டதை ஒரு சட்டம் மறைமுகமாகச் செய்து முடிக்கவும் கூடும். அத்தகைய சட்டம் செல்லாததாகலாம் என்று அக்கழகம் ஒப்புக்கொண்டது. இந்த அளவில் அது உயர் நீதிமன்றத்தைக் கடந்து சென்றது. ஆயினும் தன் பிரசைகள் யாவர் என்று வரையறுத்தல் ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான பணி. இந்தியத் தமிழரிடம் காணப்பட்ட போக்குவரத்து வழக்கம் அவர்களுடைய தகுதியைப் பற்றியதேயன்றி, அவர்கள் ஒரு சமூகம் என்பதைப் பற்றியதன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியையும் திறந்திருக்கின்றது என்று காரணங்கள் காட்டி, அச்சட்டங்கள் செல்லும் என முடித்தது.

மறைமுகத் தாக்கம் என ஒன்று உண்டு என்று கொள்கையளவில் ஏற்ற மன்றம், அத்தாக்கம் கண்முன் நின்றபோது அதற்கு வேறு பெயர் சூட்டிற்று. ‘இடம்பெயர்வோர்’ என்ற சொல் சமூகத்தின் பெயராகத் தோன்றவில்லை. ஆனால் அச்சொல் யாரைக் குறித்தது என்பதை அறியாதார் இலர். இதற்கு முன்பே அமெரிக்காவில் இதனையொத்த வழக்கொன்று நடந்தது. 1866 சனவரி 1ஆந் தேதியில் யாருடைய முன்னோர் வாக்குரிமை பெற்றிருந்தனரோ அவர்களுக்கு எழுத்தறிவுச் சோதனை வேண்டியதில்லை என்று ஒக்கலகோமா மாநிலம் விதித்திருந்தது. கறுப்பர் என்னும் சொல் அவ்விதியில் இல்லை. ஆயினும் அந்நாளிற் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இருந்ததில்லை என்பதை அந்நாட்டு நீதிபதிகள் அறிந்திருந்தனர். 1915இல் அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளப்பட்டது. பாட்டனைக் கேட்டுப் பேரனின் உரிமையைத் தீர்மானிக்கும் விதி, இனத்தின் பெயரைக் கூறாமலே இனத்தைச் சுட்டவல்லது என்பதை அத்தீர்ப்பு உணர்ந்திருந்தது.

மலைநாட்டில் நேர்ந்தது யாது? 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் 1947இல் வென்ற எழுவரின் இடங்களும் இல்லாமற் போயின. அவ்வாண்டு கொழும்பில் நெடுநாள் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்றும் இரு நாடுகளும் முடிவு செய்தன. 1974இல் அந்த எஞ்சிய தொகையும் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. எண்கள் முதலில் வகுக்கப்பட்டன. அவற்றை நிரப்ப மனிதர் பின்னர் தேடப்பட்டனர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளில் உற்றார் பிரிந்தனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். 1977இலேதான் தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கினாற் பாராளுமன்றம் சென்றார். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோருட் பலருக்கு வழி திறந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. 1948இல் எழுதப்பட்ட சில வரிகளின் விளைவை நீக்க 55 ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வாண்டுகளிற் பிறந்து, வளர்ந்து, நாடற்றவராகவே மாண்டோருக்கு அச்சட்டம் பயன்படவில்லை.

இனி எந்திர அறிவுக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு தானாகச் சிந்தித்து முடிவு கூறுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பழைய பதிவுகளைக் கற்று, அவற்றிற் காணும் ஒழுங்கைப் புதியவர் மீது ஏற்றிப் பார்க்கும் கருவி. 1951ஆம் ஆண்டின் விண்ணப்பங்களையும் அவற்றின் முடிவுகளையும் அத்தகைய எந்திரத்துக்குக் கற்பித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? தோட்டத்து முகவரி, பிறப்புச் சான்றின்மை, இந்தியப் பயணம் ஆகியவை இருக்கும் இடத்தில் ‘நிராகரிப்பு’ என்று அது விரைவிற் கற்றுக்கொண்டிருக்கும். சமூகத்தின் பெயரை அதற்குச் சொல்ல வேண்டிய தேவையே எழுந்திராது. பழைய அநீதியை அது பழுதின்றி நகல் எடுக்கும். நகலுக்குக் கணிதத்தின் மதிப்பும் சேர்ந்துவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. நெதர்லாந்து நாட்டில், குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெறுவோரில் மோசடி செய்யக்கூடியவர் யாவர் எனக் கணிக்க வரித்துறை ஒரு கணினி முறையைப் பயன்படுத்திற்று. விண்ணப்பதாரரின் நாட்டுரிமை அக்கணிப்பில் ஓர் அடையாளமாக இருந்தது. புலம்பெயர்ந்த குடும்பத்தினர் பல்லாயிரவர் குற்றமின்றி ஐயுறப்பட்டு, பெற்ற பணம் முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டுக் கடனில் மூழ்கினர். 2021 சனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. அதே நாட்டில் வேறொரு மோசடி கண்டறியும் முறையை, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை எவரும் சரிபார்க்க முடியவில்லை என்னும் காரணத்தால், 2020 பெப்ரவரியில் ஹேக் நகர நீதிமன்றம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று தடுத்தது. இந்தியாவில் ஆதார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ஏற்றபோதும், கைரேகை பொருந்தவில்லை என்பதனால் மட்டும் ஒருவருக்கு உரிய உதவி மறுக்கப்படலாகாது என்று வலியுறுத்திற்று. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை எந்திரம் அறியாமற் போவது உண்டு. நாள் முழுவதும் கொழுந்து கிள்ளும் விரல்களைப் பற்றி மலைநாட்டார்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையிலும் இதன் முன்னோடிகள் தென்படுகின்றன. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டம், குடும்பங்களின் வறுமையை 22 அளவுகோல்களால் அளந்து, புள்ளி கணக்கிட்டுப் பயனாளிகளைத் தெரிந்தது. அது செயற்கை நுண்ணறிவு அன்று. வர்த்தமானியில் வெளியிடப்பட்ட கணக்கு. ஆயினும் எண்ணினால் மனிதரைத் தெரியும் முறை அதுவே. பெயர்ப்பட்டியல் வெளியானபோது பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. தோட்டத்து வீடுகளுக்குத் தனி முகவரி இன்றிக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேரும் வழக்கமும், ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருத்தலும் மலைநாட்டிற் பழங்கதைகள். மனித எழுத்தர் ‘இருவரும் ஒருவரே’ என்று கண்டுகொள்வார். எந்திரம் இருவர் என்று கொள்ளக்கூடும். அல்லது எவருமில்லை என்று கொள்ளக்கூடும்.

இவற்றுக்கு இன்றைய சட்டம் அளிக்கும் காப்பு யாது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கின்றது. ஆட்சித்துறையின் செயலால் அவ்வுரிமை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மீளமுடியாத, தொடரும் தாக்கத்தை ஒருவரின் உரிமைகள் மீது விளைக்கும் முடிவு முற்றிலும் தன்னியக்க முறையில் எடுக்கப்பட்டிருப்பின், அதனை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை எழுதி வைத்துள்ளது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஒரு பெருங்குறையும் உண்டு. சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறிச் சட்டமாகிவிட்டால், அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்று அதே அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை தடுக்கின்றது. கோடாக்கன்பிள்ளை தோற்றார், எனினும் நிறைவேறிய சட்டத்தை எதிர்த்து வழக்காடும் வாயில் அவருக்கு இருந்தது. இன்று அவ்வாயில், சட்டமூலமாக இருக்கும் குறுகிய காலத்தோடு அடைபட்டுவிடுகின்றது. ஆகவே ஒரு விதி யார்மீது விழும் என்பதை அது சட்டமாவதற்கு முன்பே அறிந்தாக வேண்டும்.

இவ்விடத்தில் எந்திர அறிவே ஒரு துணையாகவும் வரக்கூடும். 1948இல், இவ்விதியால் எத்தனை பேர் நீங்குவர், எந்தச் சமூகத்தினர் நீங்குவர் என்று கேட்டோருக்குத் துல்லியமான கணக்குக் கொடுக்க எவராலும் இயலவில்லை. நீதிபதிகளும் சொற்களையும் ஊகங்களையும் கொண்டே தீர்க்க வேண்டியிருந்தது. இன்றோ, குடிமதிப்பின் விவரங்களைக் கணினியில் இட்டு, ஒரு விதி நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை பேரைத் தள்ளும், கம்பஹா மாவட்டத்தில் எத்தனை பேரைத் தள்ளும் என்று விதி எழுதப்படும் நாளிலேயே அறிந்துகொள்ளலாம். தோட்டத்தில் வாழ்வோருக்கும் நகரில் வாழ்வோருக்கும் இடையே அது செய்யும் வேற்றுமையை எண்ணாற் காட்டலாம். விளைவை அறியோம் என்று சொல்லும் வாய்ப்பு இனி ஆள்வோர்க்கு இல்லை. அறிய முடிந்ததை அறிய மறுத்தோர், அவ்விளைவை விரும்பினோர் என்றே கொள்ளப்படல் வேண்டும்.

சட்ட உலகமும் அத்திசையில் நகர்ந்துள்ளது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தொழிற்சாலையின் ஆட்சேர்ப்பு விதியை ஆராய்ந்தபோது, விதியின் தோற்றத்தை விட அதன் விளைவையே நோக்கிற்று. 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம், படைத்துறைப் பெண் அதிகாரிகளின் வழக்கில், பொதுவாகத் தோன்றும் அளவுகோலும் மறைமுகப் பாகுபாடாகலாம் என்று ஏற்றது. இந்நெறி 1953இல் வழங்கியிருந்தால் மலைநாட்டின் வரலாறு வேறாக இருந்திருக்கக்கூடும்.

இவ்வரலாறு எதிர்காலச் சட்டங்களிடம் கேட்பவை அரியவை அல்ல. ஒருவரை நீக்கும் கணிப்பு எவ்விதியால் நீக்கிற்று என்பதை அவர் அறியும் மொழியில் அவருக்குச் சொல்ல வேண்டும். மலைநாட்டில் அம்மொழி தமிழ். பதிவேட்டின் குறைக்குப் பதிவேட்டை வைத்திருந்தவர் பொறுப்பேற்க வேண்டும். ஐயம் எழுந்தால் அது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் தீர வேண்டும். எந்திரம் எம்முடிவைக் கூறினும், அம்முடிவின் கீழ்க் கையொப்பமிட்டு, அதற்கு விடை கூறக் கடமைப்பட்ட அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும். இவற்றைச் சாதாரணச் சட்டத்தில் எழுதினால் மற்றொரு சட்டம் அழித்துவிடலாம். 29ஆம் பிரிவு 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் இடம்பெறவில்லை என்பதை நினைவிற் கொள்வோர், இவற்றை எங்கே எழுத வேண்டும் என்பதையும் அறிவர்.

1948இன் விதியையாவது பாராளுமன்றத்தில் எழுந்து நின்று எதிர்க்க எழுவர் இருந்தனர்; அவ்விதி அச்சிட்ட தாளில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எந்திரத்துள் உறையும் விதிக்கு விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, அதனை வகுத்தோருக்கே சில வேளைகளில் அது முழுதும் விளங்குவதில்லை. செக்றோலில் ஒரு ‘பேர்’ குறைந்தபோது, தோட்டத் தொழிலாளி கணக்கப்பிள்ளையின் முன் சென்று, ‘எதற்காகக் குறைத்தீர்கள்?’ என்று கேட்க முடிந்தது. கேட்டவருக்குப் பெரும்பாலும் வசையே விடையாகக் கிடைத்தது எனினும், கேட்பதற்கு எதிரே ஒரு முகம் இருந்தது. எந்திரத்தின் காலத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையையும், அதற்கு விடை கூறும் கடமையையும் அரசியலமைப்பிலேயே நிலைநாட்டுதல் இந்நாட்டுச் சட்டமன்றத்தின் பொறுப்பாகும்.